கம்பிமேல் நடந்தவர்கள் – 9: மிதக்கும் புள்ளி

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். 2000 டிசம்பர், மும்பை. மேடையில் ஜான் மெக்லாலின், ஜாகிர் உசேன், மாண்டலின் ஸ்ரீநிவாஸ், செல்வகணேஷ். ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் உலகம் சுற்றிக்கொண்டிருந்த நால்வர். ‘கிரிராஜ் சுதா’ தொடங்குகிறது. வாத்தியங்களுக்கு நடுவே ஒரு குரல் எழுகிறது. யார் குரல் அது?

திங்கட்கிழமை காலையிலேயே செம்பூரிலிருந்து ஒரு மாமியின் போன். “இதெல்லாம் ஒரு கேள்வியாப்பா? எங்க பேட்டைப் பையன் சங்கர்தானே!” மும்பைத் தமிழர்களிடம் போய் இந்தப் புதிரைப் போட்டது என் தப்புதான்.

சங்கர் மகாதேவனேதான். 1967 மார்ச் 3 அன்று செம்பூரில், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் வீணையைத் தொட்டார். பதினொரு வயதில், ஸ்ரீநிவாஸ் கலே இசையமைக்க பீம்சேன் ஜோஷியும் லதா மங்கேஷ்கரும் பாடிய ‘ராம் ஷ்யாம் குண் கான்’ ஆல்பத்தில் வீணை வாசித்தார். வாய்ப்பாட்டு டி.ஆர். பாலாமணியிடம். பம்பாய் ஜெயஸ்ரீயும் அந்த அம்மாளின் மாணவிதான். மாதுங்காவிலும் செம்பூரிலும் இதையெல்லாம் சொன்னால், ‘தெரிந்ததைத்தானே சொல்கிறாய்’ என்பார்கள்.

அதிகம் பேர் பேசாத ஒன்று உண்டு. அது எங்கள் ஊர் சம்பந்தப்பட்டது. சங்கர் மகாதேவன் கணினிப் பொறியாளர். 1988-ல் அவருக்குப் பட்டம் தந்த ராம்ராவ் ஆதிக் தொழில்நுட்பக் கல்லூரி இன்று நிற்பது நெருளில். என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனால் மீட்டர் முதல் கட்டணத்தைத் தாண்டாது. அவர் படித்த காலத்தில் ஹார்பர் லைன் ரயில் மான்குர்டோடு நின்றுவிடும். வாஷிக்கு ரயில் வந்ததே 1992-ல்தான். அதுவரை தானே கழிமுகத்தைக் கடக்க 1973-ல் திறந்த பாலமும் பஸ்ஸும்தான் கதி.

கணினிப் பொறியியல் படித்தவர் யாராக இருந்தாலும் ஒரு சொல்லைக் கடக்காமல் பட்டம் வாங்கியிருக்க முடியாது: ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’. தமிழில் மிதவைப் புள்ளி. தசமப் புள்ளியை ஓரிடத்தில் ஆணியடித்து வைத்தால், மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் ஒரே அளவுள்ள பெட்டிக்குள் அடக்க முடியாது. அதனால் கணினி ஒரு தந்திரம் செய்கிறது. எண்ணின் இலக்கங்களை ஒரு பக்கமும், புள்ளி எங்கே விழவேண்டும் என்ற குறிப்பை இன்னொரு பக்கமும் எழுதி வைத்துக்கொள்கிறது. புள்ளி தேவைக்கேற்ப நகரும். இன்றைய ஒலிப்பதிவு மென்பொருள்களும் ஓசையை இப்படித்தான் கணக்கு வைக்கின்றன. தம்புராவின் முனகலும் டிரம்ஸின் இடியும் ஒரே கணக்குக்குள் நசுங்காமல் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தச் சொல், சங்கர் பட்டம் வாங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அவரைத் தேடி வந்தது. பாடச் சொல்லி.

அழைத்தவர் மெக்லாலின். சென்னை வரை அவரைக் கொண்டுவந்த கடன் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

*

1942 ஜனவரி 4-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், டான்காஸ்டரில் பிறந்தவர். 1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ பதிவில் வாசித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘பிட்சஸ் ப்ரூ’. அந்த ஆல்பத்தில் ஒரு துண்டுக்கு மைல்ஸ் வைத்த பெயரே ‘ஜான் மெக்லாலின்’. 27 வயதுக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

1971-ல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா. இரட்டைக் கழுத்து கிடார், காது கிழியும் ஒலிபெருக்கி, டிரம்ஸில் பில்லி காபம். ராக் ரசிகர்கள் அவரைக் கொண்டாடியது இந்தக் குழுவுக்காகத்தான். புகழின் உச்சியில் இருந்த அதே காலத்தில் அவர் கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய், டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். மாலையில் பல்லாயிரம் பேர் கைதட்டும் மனிதர், மெழுகில் பதித்த இருபத்து நான்கு மெட்டுகளின் முன் சம்மணமிட்டு மாணவனாக உட்கார்ந்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

1975 ஜூலை 5. லாங் ஐலண்டில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் ஒரு கச்சேரி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கர் வயலின், மாஹிமில் பிறந்த ஜாகிர் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். நடுவில் மெக்லாலின், மின்சாரம் இல்லாத கிடாரோடு. அந்தக் கச்சேரிதான் ‘சக்தி’யின் முதல் ஆல்பமானது. அவருக்காக கிப்சன் நிறுவனத்துக்கு ஏபிரகாம் வெக்டர் வடிவமைத்த கிடாரில் இரண்டு மாற்றங்கள். கம்பிக் கட்டைகளுக்கு இடைப்பட்ட மரத்தைப் பள்ளமாகச் சுரண்டியிருந்தார்கள். விரல் மரத்தில் முட்டாமல் கம்பியை அழுத்தி இழுக்கலாம், வீணையில் போல. இன்னொன்று, ஒலித்துளைக்கு மேலே குறுக்காக ஏழு கம்பிகள், தானாக அதிர்வதற்கென்றே. கமகத்துக்காக ஒரு வெள்ளைக்காரர் கிடாரின் மரத்தைக் குடைய வைத்த கதையை நான்காம் அத்தியாயத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

மூன்று ஆல்பங்கள். 1978-ல் குழு கலைந்தது. இருபது வருடம் உருண்டு ‘ரிமெம்பர் சக்தி’. பிறகு நாம் தொடங்கிய அந்த 2000 டிசம்பர் மேடை. அந்தக் கச்சேரிகளின் பதிவு 2001-ல் ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ என்று வெளியானது.

2006-ல் மெக்லாலின் பெயரில் ‘இண்டஸ்ட்ரியல் ஜென்’ வந்தது. அதன் பாட்டுத் தலைப்புகளைப் படித்தால் ஒரு கும்பிடு வரிசை போலிருக்கும். ஜாகோ பாஸ்டோரியஸுக்கு ஒன்று, வெய்ன் ஷார்ட்டருக்கு ஒன்று, ‘சென்யோர் சி.எஸ்.’ என்று கார்லோஸ் சாண்டானாவுக்கு ஒன்று. ஜாகிரும் சங்கர் மகாதேவனும் அதில் உண்டு. தான் மதித்த கலைஞர்களுக்குப் பெயர் சூட்டி நன்றி சொல்வது ஒரு முறை. அடுத்த ஆண்டு அவர் இன்னொரு முறையைக் கையாண்டார். தான் மதிக்கும் கலைஞர்கள் இருக்கும் ஊருக்கே கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

*

2007 ஏப்ரல், சென்னை. வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’ ஆல்பத்துக்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடியவர்களின் பட்டியலைப் பாருங்கள். டிரம்ஸில் மும்பையின் ரஞ்சித் பாரோட், கதக் மேதை சிதாரா தேவியின் மகன். கீபோர்டில் லூயிஸ் பாங்க்ஸ். டார்ஜிலிங்கில் 1941-ல் பிறந்து மும்பையை ஊராக்கிக்கொண்டவர், நம் நாட்டு ஜாஸ் உலகின் பெரியண்ணன். மெக்லாலினைவிட ஒரு வயது மூத்தவர். பாஸ் கிடாரில் பிரான்ஸிலிருந்து வந்த ஆத்ரியன் ஃபெரோ, வயது 22. சாக்ஸபோனில் அமெரிக்கர் ஜார்ஜ் புரூக்ஸ். தாளத்துக்குச் சென்னையின் சிவமணி. இவர்களுக்கு மேல் விருந்தாளிகள்: புல்லாங்குழலுக்கு சஷாங்கும் நவீன் குமாரும், ஸ்லைடு கிடாருக்கு தேபாஷிஷ் பட்டாச்சார்யா, சிதாருக்கு நீலாத்ரி குமார், மின் மாண்டலினுக்கு யு. ராஜேஷ், குரலுக்கு சங்கர் மகாதேவன்.

பட்டியலில் யார் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

ஜாகிர் இல்லை. மாண்டலின் இருக்கிறது, ஸ்ரீநிவாஸ் இல்லை, அவர் தம்பி ராஜேஷ் இருக்கிறார். கால் நூற்றாண்டுக்கு மேல் தோளோடு தோள் நின்ற தபலா இல்லாமல் இந்தியாவில் ஒரு ஆல்பம். ஆனால் முதல் பாட்டின் பெயர் ‘அப்பாஜி’. ஜாகிரின் தந்தை உஸ்தாத் அல்லா ரக்காவுக்குக் காணிக்கை. அவர் 2000 பிப்ரவரியில் மும்பையில் காலமானார். மகன் இல்லாத அறையில் தந்தைக்கு முதல் வணக்கம். தபலா மேதைக்கான அந்த அஞ்சலியில் தாளத்தின் முதல் பாரத்தைச் சுமந்தது மேற்கத்திய டிரம்ஸ். ரஞ்சித் பாரோட்டின் தோளில் ஏறிய பாரம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கே எங்கள் கச்சேரி மொழியில் ஒரு வார்த்தையைச் சொல்லியாக வேண்டும்: ‘தனி’.

ஒருவர் பெயரில் வரும் ஆல்பத்தை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘சோலோ’ என்கின்றன. நாமும் ‘தனி ஆல்பம்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். ஷண்முகானந்தா ஹாலில் கச்சேரி கேட்டு வளர்ந்தவருக்குத் ‘தனி’ என்றால் வேறு பொருள். ‘தனி விட்டாச்சு’ என்று காதோடு காது சொல்வார்கள். மேடையின் நடுவில் இருக்கும் வித்துவான் வாயை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டபடி, மிருதங்கத்தையும் கடத்தையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர்தான் பெரிய எழுத்தில். அந்த இருபது நிமிடம் ஆட்சி அவருடையதல்ல. (அந்த நேரம் பார்த்து கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களைப் பற்றி இப்போது பேசவேண்டாம். மாதுங்கா வடைக்கும் ஒரு ஈர்ப்பு உண்டு.)

மெக்லாலினின் சென்னை ஆல்பம் ‘சோலோ’வைவிட இந்தத் ‘தனி’க்குத்தான் பக்கம் என்பது என் கட்சி. எட்டுப் பாட்டு. சாக்ஸபோனுக்கும் குழலுக்கும் மாண்டலினுக்கும் பாடகருக்கும் அவர் இடம் விட்டு விலகுவதைக் கேட்டுக்கொண்டே போகலாம். இத்தனைக்கும் பல இடங்களில் அவர் கிடார் கிடாராகவே ஒலிக்கவில்லை. கிடார் சிந்தசைசர். ஒவ்வொரு கம்பியின் அதிர்வையும் தனித்தனியே பிடித்து, எந்த ஸ்வரம் என்று கண்டுபிடித்து, வேறொரு வாத்தியத்தின் குரலில் பேச வைக்கும் கருவி. ஒரு ஊது வாத்தியம் பேசுகிறது என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்போம்; பிறகுதான் பிடிபடும், விரல் இவருடையது. 1975-ல் கமகத்துக்காக மரத்தைக் குடைந்தவர், 2007-ல் கிடாரின் குரலையே கழற்றி வைத்துவிட்டார். எனக்கு அந்தக் குரல் எல்லா இடத்திலும் பிடிக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சில இடங்களில், ‘ஐயா, அந்த மரக் கிடாரை எடுங்களேன்’ என்று தோன்றுகிறது.

இத்தனை ஊர்க்காரர்கள் ஓர் அறையில் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள்? ராகத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பிடிபட நேரமாகும். ஜாஸின் சுரக்கூட்டு எல்லோருக்கும் கைவராது. எல்லோரும் நிற்கும் பொதுத் திண்ணை ஒன்று உண்டு: கொன்னக்கோல். வாயால் சொல்லும் ஜதி. மெக்லாலின் அதை முறையாகப் பயின்றவர். செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல் கற்பிக்கும் டிவிடி ஒன்றையே கொண்டுவந்திருக்கிறார். ரஞ்சித்தும் டிரம்ஸில் உட்கார்ந்தபடியே ஜதி சொல்கிறவர். ‘தகதிமி’யும் ‘தகதகிட’வும் தெரிந்த இருவர் நடுவில் இருந்தால் காகிதமே தேவைப்படாது.

ஆல்பத்தில் ஒரு பாட்டின் தலைப்பு ‘ஆஃப் தி ஒன்’. ‘ஒன்’ என்றால் தாளவட்டத்தின் முதல் தட்டு. மேற்கே ஃபங்க் இசைக்காரர்களுக்கு அது கோயில் மூலஸ்தானம். எங்கே சுற்றினாலும் அங்கே வந்து விழவேண்டும். தலைப்பைப் பார்த்ததும் எனக்கு ‘எடுப்பு’ ஞாபகம் வந்தது. நாம் அந்த முதல் தட்டைச் சமம் என்போம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் பல்லவியைச் சமத்தில்தான் எடுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அரை இடம் தள்ளி எடுக்கலாம், ஒன்றரை இடம் தள்ளி எடுக்கலாம். கை சமத்தில் தட்டிக்கொண்டிருக்கும், பாட்டு வேறிடத்தில் பிறக்கும். அந்த இடைவெளியில் கேட்பவனுக்கு ஒரு சின்னத் தள்ளாட்டம். ஜாஸ் உலகமும் சபா உலகமும் ஒரே தள்ளாட்டத்தைத்தான் இரண்டு பெயரில் ரசித்து வந்திருக்கின்றன.

*

‘தி வாய்ஸ்’. குரல். நம் செம்பூர்க்காரருக்கான பாட்டின் பெயர் அதுதான்.

2007-க்குள் சங்கர் மகாதேவன் எங்கோ போய்விட்டிருந்தார். 1998-ல் ஜாவேத் அக்தரின் வரிகளில் ‘ப்ரெத்லெஸ்’. 2000-ல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படப் பாட்டுக்குத் தேசிய விருது. எசான் நூரானி, லாய் மெண்டோன்சாவுடன் சேர்ந்து ‘தில் சாத்தா ஹை’ உட்பட வரிசையாக இந்திப் படங்கள். ஊரே அறிந்த நட்சத்திரம். அப்படிப்பட்டவர் இந்த ஆல்பத்தில் ஒரு விருந்தாளி. அவருக்கு ஒதுக்கியது அவர் தொழிலில் மற்றவர்கள் கேட்காத வேலை. பாட்டுக்கு நடுவில் வார்த்தை இல்லை, கதாநாயகன் இல்லை. சாக்ஸபோன் போல, குழல் போல, ஒரு வாத்தியமாகக் குரல். டி.ஆர். பாலாமணியிடம் ஆலாபனை கற்றவருக்கு அது வீட்டுச் சாப்பாடு. இந்திப்பட ரெக்கார்டிங்கில் அதற்கு எத்தனை விநாடி கொடுப்பார்கள்?

புள்ளி எங்கே மிதந்து போய் நின்றது பாருங்கள்.

இந்தப் பதிவைப் பற்றி ‘மீட்டிங் ஆஃப் தி மைண்ட்ஸ்’ என்று ஒரு டிவிடியும் வந்தது. ஆல்பம் 2008-ல் அமெரிக்காவின் ஆப்ஸ்ட்ராக்ட் லாஜிக்ஸ் வெளியீடாக வந்தது. கடைசிப் பாட்டின் பெயர் ‘ஃபைவ் பீஸ் பேண்ட்’. அந்த ஆண்டு முடிவதற்குள் அதே பெயரில் சிக் கொரியாவுடன் ஒரு குழுவே அமைத்துக்கொண்டு மெக்லாலின் ஊர் ஊராகக் கிளம்பினார்.

அதே 2008-ல் எங்கள் நெருளுக்கும் ஒரு நேரம் வந்தது. டி.ஒய். பாட்டீல் மைதானம் மார்ச்சில் திறந்தது. ஜூன் 1 அன்று முதல் ஐபிஎல் இறுதி ஆட்டம் அங்கே. அந்த சீசனில் சென்னை அணிக்கு முரசு கொட்டியவர், ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’டில் தாளம் போட்ட அதே சிவமணி. ஆட்டம் கடைசிப் பந்துவரை போய் ராஜஸ்தான் ஜெயித்தது. எங்கள் காலனியில் அன்றிரவு எத்தனை வீட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆறு மாதம் கழித்து இந்த ஊரில் யாரும் இசையைப் பற்றிப் பேசவில்லை. நவம்பர் 26 இரவு தொடங்கி 29 காலை வரை நடந்த பயங்கரவாதத் தாக்குதலைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை. சிஎஸ்டி ரயில் நிலையத்தில் இறங்கி வேலைக்குப் போகிறவர்கள்தான் நெருளில் பாதிப் பேர். வாரக் கணக்கில் ஹார்பர் லைன் பெட்டிகளில் பேச்சுக் குரல் கேட்கவில்லை.

டிசம்பர் 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிராமி பரிந்துரைப் பட்டியல் வந்தது. சமகால ஜாஸ் ஆல்பம் பிரிவில் ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’. சென்னையில் பதிவான ஆல்பம்!

சந்தோஷத்தில் ஒரு சிக்கல். அதே பிரிவில், அதே பட்டியலில், ‘மைல்ஸ் ஃப்ரம் இந்தியா’வும் இருந்தது. மைல்ஸ் டேவிஸின் இசையை இந்தியக் கலைஞர்களையும் மைல்ஸின் பழைய சகாக்களையும் சேர்த்து பாப் பெல்டன் தயாரித்தது. மெக்லாலின் அதிலும் வாசித்திருக்கிறார். லூயிஸ் பாங்க்ஸ் அதிலும் வாசித்திருக்கிறார். மைல்ஸ் கண்டெடுத்த கிடார்காரர் தன் சொந்த ஆல்பத்தோடு ஒரு பக்கம், அதே மைல்ஸின் நினைவு ஆல்பம் எதிர்ப் பக்கம். இரண்டு பக்கத்திலும் மும்பையிலிருந்து ஒரே கீபோர்டு. லூயிஸ் பாங்க்ஸ் எதற்காக வேண்டிக்கொள்வார்?

இன்னொரு பிரிவில், மிக்கி ஹார்ட்டுடன் சேர்ந்த ‘குளோபல் டிரம் ப்ராஜெக்ட்’டோடு, சென்னை அறையில் இல்லாத ஜாகிர் காத்திருந்தார்.

2009 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை. ஜாஸ் விருதுகளை டிவியில் காட்டும் பெரிய விழாவுக்கு முன்பே, பகலிலேயே அறிவித்துவிடுவார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போது நல்ல வெளிச்சம். மும்பையில் திங்கட்கிழமை இன்னும் விடியவில்லை. முதல் லோக்கல் ஓடத் தொடங்கும் நேரம். சமகால ஜாஸ் ஆல்பத்துக்கான உறையைப் பிரித்தார்கள்.

வென்ற ஆல்பத்தின் தலைப்பில் ஒரு நாட்டின் பெயர் இருந்தது.

(தொடரும்)